தங்கிப் படித்த நிலம்

பள்ளியில் சுற்றுச்சூழல் கல்வி என்றால் பெரும்பாலும் ஒரு நாள் பயணம்தான். காலையில் பேருந்தில் ஏறி, ஒரு காட்டையோ ஏரியையோ பார்த்துவிட்டு, மாலையில் திரும்பி, மறுநாள் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாள் முழுக்கச் சுவருக்குள் இருக்கும் குழந்தைக்கு அந்த ஒரு நாளும் பெரிது. ஆனால் ஏழாம் வகுப்பிலிருந்து பள்ளி முடியும்வரை உறைவிடப் பள்ளியில் இருந்த எனக்குக் கிடைத்த படிப்பு வேறு மாதிரி. பார்த்த இடத்தையே மறுபடி மறுபடி பார்ப்பது. அதே ஓடை, அதே மரம், அதே மைதானம். புது இடத்துக்குப் போனால் வியப்பு கிடைக்கும். பழகிய இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் அறிவு சேரும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். உறைவிடப் பள்ளிகள் பலவும் கையிலிருக்கும் இந்த வாய்ப்பைக் கவனிக்காமலே விட்டுவிடுகின்றன. அந்த ஆதங்கத்தில்தான் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தமிழ் வகுப்பில் படித்திருப்போம். ஒரு நாளுக்கு ஆறு சிறுபொழுது, ஓர் ஆண்டுக்கு ஆறு பெரும்பொழுது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்தப் பட்டியல், விடுதியில் இருந்ததால் எனக்கு நேரில் பழக்கமானது. வீட்டிலிருந்து வந்துபோகும் மாணவர் பள்ளி நிலத்தைக் காலையில் பார்க்கிறார், நண்பகலில் பார்க்கிறார், விளையாட்டு இருந்தால் எற்பாட்டிலும் பார்க்கிறார். வைகறையும் மாலையும் யாமமும் அங்கேயே தங்கியிருப்பவருக்குத்தான். பறவைகள் உரக்கப் பாடுவதும், வௌவால்கள் கிளம்புவதும், தவளைகள் கூடுவதும், அந்துப்பூச்சிகள் பூக்களைத் தேடுவதும் அந்த நேரங்களில்தான். பள்ளி மூடியிருக்கும் நேரத்தில் நிலம் விழித்திருக்கிறது.

எங்கள் வளாகம் ஒரு மலையடிவாரத்தில் இருந்தது. மேலிருந்து இறங்கும் ஓடை ஒன்று, அது நிரப்பும் சின்னக் குளம், கட்டடங்களுக்கு நடுவே வெட்டப்படாமல் தப்பிய பழைய மரங்கள், ஒரு பெரிய மைதானம். அவ்வளவுதான். அரிய விலங்கு எதுவும் கிடையாது. பார்க்க வருகிறவர்கள் "இங்கே என்ன இருக்கு?" என்று கேட்கும் அளவுக்குச் சாதாரணமான இடம்.

சேர்ந்த முதல் பருவத்திலேயே எங்கள் அறிவியல் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் வளாகத்தில் ஓர் இடம் ஒதுக்கினார். 'உட்காரும் இடம்' என்றே அதற்குப் பெயர். வாரம் ஒருமுறை அங்கே போய் உட்கார வேண்டும். பேசக் கூடாது, பாடப்புத்தகம் கூடாது. ஒரு நோட்டும் பென்சிலும் மட்டும். இடம் மாறவே மாறாது, நேரத்தை மட்டும் அவர் மாற்றிக்கொண்டே இருப்பார். ஒரு வாரம் விடிவதற்கு முன்னால், ஒரு வாரம் உச்சி வெயிலில், ஒரு வாரம் இருட்டத் தொடங்கும்போது. முதல் பருவத்தில் இன்னொரு விதியும் இருந்தது: எதற்கும் பெயர் கேட்கக் கூடாது. என்ன செய்கிறது, எதன்மேல் இருக்கிறது, பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று எழுதினால் போதும். "பேரு தெரிஞ்சதும் பார்க்கிறதை நிறுத்திடுவீங்க" என்பார் சார். பெயர்கள் இரண்டாம் பருவத்தில்தான் வந்தன. அதற்குள் எங்கள் நோட்டுகளில் 'வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் குருவி', 'தண்ணீரில் கால் படாமல் ஓடும் பூச்சி' என்று பக்கம் பக்கமாக இருந்தன. பெயரைச் சொன்னபோது, ஏற்கெனவே தெரிந்த ஒருவரை முறைப்படி அறிமுகம் செய்துவைத்தது போல இருந்தது. இதைவிட நல்ல கற்பித்தல் முறையை நான் பிறகு எங்கும் பார்க்கவில்லை.

எனக்குக் கிடைத்தது ஓடைக்கரையில் ஓர் அத்தி மரத்தடி. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் வகை. முதலில் அந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை, எறும்பு அதிகம். ஆனால் அந்த மரம் பழுத்த வாரத்தில் வளாகத்து உயிர்களில் பாதி அங்கே வந்துவிட்டது. பகலில் குருவிகளும் அணில்களும், இருட்டியதும் பழந்தின்னி வௌவால்கள், கீழே உதிர்ந்ததைத் தின்ன வண்டுகள், அவற்றைத் தின்னத் தவளைகள். விசித்திரம் என்னவென்றால், குளத்துப் பக்கம் இருந்த இன்னோர் அத்தி அந்த வாரம் வெறுமையாக நின்றது. வேறொரு காலத்தில் பழுத்தது. அதே இனம், அதே மழை, அதே மண். பிறகு ஏன் இப்படி?

விடை அத்திக்காய்க்கு உள்ளே இருந்தது. அத்தியின் பூக்கள் காய்க்குள்தான் இருக்கின்றன. அவற்றுக்கு மகரந்தம் கொண்டுவருவது அத்திக் குளவி எனப்படும் மிகச் சிறிய பூச்சி. பெரும்பாலும் ஒவ்வோர் அத்தி இனத்துக்கும் அதற்கே உரிய குளவி உண்டு. ஒரு காயில் பிறந்த பெண் குளவி வெளியேறி ஓரிரு நாளுக்குள் இளங்காய் உள்ள வேறொரு மரத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். எல்லா மரமும் ஒரே நேரத்தில் காய்த்து ஓய்ந்துவிட்டால் குளவி இனமே அற்றுப்போகும். மரங்கள் வேளை மாற்றிக் காய்ப்பதால்தான் குளவி பிழைக்கிறது. அதே காரணத்தால்தான் மற்ற மரங்களில் ஒன்றுமில்லாத மாதங்களிலும் பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் எங்கேயாவது ஓர் அத்தி பழுத்திருக்கிறது. சார் இதை வகுப்பில் சொல்லித் தந்திருந்தால் ஒரு மதிப்பெண் கேள்வியாக மறந்திருப்பேன். இரண்டு மரங்களின் தேதிகள் என் நோட்டில் ஒத்துப்போகாமல் நின்றதால், பதில் தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை.

யாமத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு, அதாவது பெண்களுக்கு, முதல் ஆண்டுகளில் இரவு கிடையாது. விளக்கு வைத்ததும் விடுதிக் கதவு பூட்டப்படும். பையன்கள் டார்ச் எடுத்துக்கொண்டு குளத்துத் தவளைகளை எண்ணப் போவார்கள். மறுநாள் அவர்கள் வாசிப்பதை நாங்கள் எழுதிக்கொள்வோம். பாதுகாப்பு என்று ஒரு காரணம் சொன்னார்கள். பாதுகாப்பு தேவைதான், அதற்கு ஆள் துணை ஏற்பாடு செய்ய வேண்டும். கதவைப் பூட்டுவது ஏற்பாடு ஆகாது. களப்படிப்பு நடத்துகிறோம் என்று சொல்லும் எந்தப் பள்ளியிடமும் நான் கேட்க விரும்பும் முதல் கேள்வி, பெண்கள் எத்தனை மணி வரை வெளியே இருக்கலாம் என்பதுதான்.

கதவு பூட்டியிருந்தாலும் ஜன்னல் திறந்திருந்தது. அங்கிருந்து தொடங்கியதுதான் சுவர்க்கோழிக் கணக்கு. குளிர்ந்த இரவுகளில் அவற்றின் ஒலி மந்தமாகவும், புழுக்கமான இரவுகளில் வேகமாகவும் இருப்பதை என் அறைத்தோழி கவனித்தாள். சாரிடம் சொன்னதும், 1897இலேயே அமெரிக்க இயற்பியலாளர் ஏமஸ் டால்பேர் இதற்கு ஒரு சூத்திரமே எழுதியிருக்கிறார் என்றார். பூச்சியின் உடல்வெப்பம் காற்றின் வெப்பத்தைப் பின்தொடர்வதால், தசைகள் இயங்கும் வேகமும் அதோடு கூடிக் குறைகிறது. 8 விநாடிகளில் கேட்கும் ஒலிகளை எண்ணி 5ஐக் கூட்டினால் வெப்பநிலை செல்சியஸில் கிட்டத்தட்ட வந்துவிடும் என்பது அந்தச் சூத்திரத்தின் எளிய வடிவம். ஆனால் அது வட அமெரிக்காவின் ஒருவகைச் சுவர்க்கோழிக்குப் பொருந்துவது. எங்கள் ஜன்னலுக்கு வெளியே இருந்தது வேறு. அதனால் ஜன்னல் கம்பியில் ஒரு வெப்பமானியைக் கட்டி, எங்களுக்கென்று தனி அட்டவணை போட்டோம். கணக்கு வகுப்பில் வரைபடம் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள்கூடப் படுக்கப் போகுமுன் எண்ணினார்கள். புள்ளிகள் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் விழுந்த நாள் அந்த அறைக்கே திருவிழா.

பிறகு புதிதாக வந்த ஓர் ஆசிரியை நிர்வாகத்திடம் பேசி, மொட்டை மாடியை இரவில் திறக்க வைத்தார். அவரும் கூட இருப்பார். வெள்ளைத் துணியைக் கட்டி, பின்னால் விளக்கு வைத்து, வந்து உட்காரும் பூச்சிகளைப் பதிவு செய்தோம். நீலம் கலந்த வெள்ளை விளக்குக்கு வருகிற கூட்டம் மஞ்சள் விளக்குக்கு வருவதில்லை என்பது சில இரவுகளிலேயே தெரிந்தது. விடுதி வராந்தாவில் விடிய விடிய எரிந்த குழல்விளக்குகளின் கீழே காலையில் பெருக்கித் தள்ளப்படும் பூச்சிகளை அதற்குப் பிறகு எங்களால் வெறும் குப்பையாகப் பார்க்க முடியவில்லை. விளக்குகளை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தோம், பாதி மாறின. பூச்சிகள் ஏன் விளக்கைச் சுற்றுகின்றன என்ற கேள்விக்கு, நிலவு என்று நினைத்து ஏமாறுகின்றன என்ற பதில்தான் அப்போது சொல்லப்பட்டது. 2024இல் வெளியான ஓர் ஆய்வு வேறொரு விளக்கம் தருகிறது. பறக்கும் பூச்சிகள் வெளிச்சம் இருக்கும் பக்கத்தை மேல் என்று கொண்டு முதுகை அந்தப் பக்கம் திருப்புகின்றன. இயற்கையில் வெளிச்சம் வானத்திலிருந்துதான் வரும் என்பதால் அது சரியாக வேலை செய்கிறது. பக்கத்தில் விளக்கு இருந்தால், முதுகைத் திருப்பித் திருப்பியே அதைச் சுற்றிச் சிக்கிக்கொள்கின்றன. அதிவேகக் கேமராவில் எடுத்த அந்தக் காட்சிகளைப் பார்த்தபோது எனக்கு அந்த மாடிதான் நினைவுக்கு வந்தது. நாங்கள் கண்ணால் பார்த்த கோணல் பறத்தல்தான் அது.

எல்லாவற்றையும்விட என்னை மாற்றியது ஓடை.

ஒன்பதாம் வகுப்பில் ஓடைநீரின் தரத்தைப் பூச்சிகளை வைத்து அறியக் கற்றுக்கொண்டோம். ஒருவர் நீரில் நின்று கற்களைக் காலால் கிளற வேண்டும். நீர் போகும் திசையில் இன்னொருவர் வலையைப் பிடிக்க வேண்டும். வலையில் வந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி, தூரிகையால் மெதுவாகப் பிரிக்க வேண்டும். முடிந்ததும் உயிர்களைத் திரும்ப விட்டு, புரட்டிய கல்லைப் பழையபடி வைக்க வேண்டும். வயிற்றின் இருபுறமும் செவுள்கள் படபடக்க, வால்போல மூன்று இழைகளோடு இருப்பது மேஃப்ளையின் இளம்பருவம். மணல் துகள்களைப் பட்டிழையால் ஒட்டித் தனக்கென்று கூடு கட்டிக்கொண்டு, அதைச் சுமந்தே நகர்வது கேடிஸ்ஃப்ளையின் இளம்பருவம். இந்த இரண்டு கூட்டத்திலும் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜன் நிறைந்த சுத்தமான நீர் வேண்டும். ரத்தச் சிவப்பில் நெளியும் ஒருவகைக் கொசு போன்ற பூச்சியின் புழுக்கள் நேர்மாறு. அவற்றின் உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் வாழ்ந்துவிடும். எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தாலே ஓடையின் நிலை தெரியும். ரசாயனப் பரிசோதனை அந்த நேரத்து நீரைத்தான் சொல்லும். பூச்சிகள் மாதக்கணக்கில் அங்கேயே இருப்பதால் கடந்த காலத்தையும் சேர்த்துச் சொல்லும்.

விடுதிகளுக்கு மேலே எடுத்த தட்டில் மேஃப்ளைகள் ஓடின. கேடிஸ்ஃப்ளைக் கூடுகளும் இருந்தன. விடுதிகளைத் தாண்டிக் கீழே எடுத்த தட்டு சிவப்பாக இருந்தது. நடுவில் தொழிற்சாலை இல்லை, ஊர் இல்லை, வயல் இல்லை. எங்கள் குளியலறைகள், துணி துவைக்கும் கல், சமையலறை மட்டும்தான். சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் உணவுக் கழிவும் நீரில் கலக்கும்போது அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பெருகி ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. அந்தத் தட்டைச் சுற்றி நின்றபோது யாருமே பேசவில்லை. அதுவரை மாசு என்றால் வேறு யாரோ, எங்கேயோ செய்வது. பாடப்புத்தகத்தில் அது எப்போதும் புகைபோக்கியின் படத்தோடுதான் இருக்கும்.

உறைவிடப் பள்ளிக்கு மட்டுமே வாய்க்கும் பாடம் இது. பயணம் போகும் மாணவர் இயற்கைக்கு விருந்தாளி. விடுதி மாணவர் அங்கேயே குடிக்கிறார், குளிக்கிறார், கழிக்கிறார். அந்த நிலத்தின் நீர்க்கணக்கில் அவரும் ஒரு வரி. இதைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவராமல் மரக்கன்று நடும் விழாவோடு நிறுத்திக்கொள்ளும் பள்ளிகளைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

அறிக்கையாக எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தோம். முதலில், தேர்வு நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்ற பதில்தான் வந்தது. சார் விடவில்லை. அடுத்த பருவத்தில் பள்ளிக்கு வந்த பெற்றோரை ஓடைக்கு அழைத்துப்போய் இரண்டு தட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். அப்புறம் வேலை நடந்தது. சமையலறைக் குழாய்க்குக் கொழுப்பைத் தடுக்கும் தொட்டி வந்தது. குளியல், துவையல் நீர் ஜல்லியும் மணலும் நிரப்பிய நீளமான பாத்திகளுக்குத் திருப்பிவிடப்பட்டது. அதில் கல்வாழை நட்டோம். வேர்களையும் ஜல்லியையும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள்தான் அங்கே உண்மையில் சுத்தம் செய்பவை. பாத்தி வெட்டியதில் எங்கள் கைகளும் உண்டு. நான் பள்ளியை முடிப்பதற்குள் கீழ்த்தட்டில் சிவப்புக் குறைந்து மேஃப்ளைகள் வந்துவிட்டன. கேடிஸ்ஃப்ளை வரவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். தட்டு அப்படிச் சொல்லவில்லை.

மழைமானி பார்ப்பது பத்தாம் வகுப்பின் முறை. 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 சதுர மீட்டரில் 1 லிட்டர். இந்தச் சின்ன உறவு தெரிந்ததும் கூரைகளைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. 500 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 10,000 லிட்டர். விடுதிகளின் ஒரு நாள் தேவையோடு அதை ஒப்பிட்டுக் கரும்பலகையில் எழுதி வைப்போம். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் போகிறவரை அதற்கப்புறம் யாரும் சும்மா விட்டதில்லை.

இப்படிப்பட்ட கல்விக்கு உலகில் நீண்ட வரலாறு இருக்கிறது, ஒரே பாதையில் அல்ல. ஜெர்மனியிலிருந்து பிரிட்டனுக்கு வந்த கல்வியாளர் குர்ட் ஹான் 1934இல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். 1941இல் கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட்டுடன் சேர்ந்து வேல்ஸில் அவுட்வர்ட் பவுண்ட் பயிற்சியை ஏற்படுத்தினார். கடலில் உயிர் பிழைக்கும் உறுதியை இளைஞர்களுக்குத் தருவது அதன் நோக்கம். ஆஸ்திரேலியாவின் ஜீலாங் கிராமர் பள்ளி 1953இல் விக்டோரியா மலைகளில் டிம்பர்டாப் வளாகத்தைத் திறந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் அங்கே தங்கி, வெந்நீருக்குக்கூடத் தாங்களே விறகு பிளந்து வாழ்கிறார்கள். இவற்றில் கிடைக்கும் தைரியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மலை ஏறுகிறவரின் மன உறுதியைச் சோதிக்க மட்டும் மலை என்றால், எந்த மலையாக இருந்தாலும் ஒன்றுதான் என்று ஆகிவிடுகிறது. என் மனம் போவது இன்னொரு பாதைக்கு. 1943இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, பிரிட்டனில் களக்கல்விக்கென்று ஓர் அமைப்பு உருவானது. இன்று அதன் பெயர் ஃபீல்ட் ஸ்டடீஸ் கவுன்சில். 1946இல் ஃபிளாட்ஃபோர்ட் மில்லில் தன் முதல் மையத்தைத் திறந்தது. மாணவர்கள் வந்து தங்கி, அந்தக் குறிப்பிட்ட ஆற்றையும் புல்வெளியையும் உற்றுப் படிப்பதுதான் அங்கே வேலை. சாகசம் தன்னைப் பற்றிச் சொல்லித் தருகிறது. உற்றுப் பார்ப்பது தனக்கு வெளியே இருப்பதைப் பற்றிச் சொல்லித் தருகிறது. பதினான்கு வயதில் எனக்கு இரண்டாவதுதான் அதிகம் தேவைப்பட்டது. வீட்டை நினைத்து அழுத இரவுகளில், சுவர்க்கோழியை எண்ணுவது என்னை என்னிடமிருந்து கொஞ்ச நேரம் விடுவித்தது.

எல்லாருக்கும் இது பிடித்தது என்று சொல்ல மாட்டேன். பாம்புப் பயம் இருந்தவர்கள் இருந்தார்கள். வெயில் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருந்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு தோழிக்காக ஓடைவரை பாதை போட யாருக்கும் நெடுநாள் தோன்றவில்லை. அவள் குளத்துக் கரையிலிருந்தே தட்டான் பதிவை எடுத்தாள். வளாகத்திலேயே நம்பகமான பதிவு அவளுடையதுதான்.

அந்தத் தட்டான்களுக்கும் ஒரு கதை உண்டு. மழை முடிந்ததும் மைதானத்துக்கு மேலே கூட்டம் கூட்டமாக மிதக்கும் மஞ்சள் நிறத் தட்டான், பாண்டாலா ஃபிளாவெசென்ஸ். அண்டார்டிகா தவிர மற்ற எல்லாக் கண்டங்களிலும் காணப்படுவது. நிலத்தின் மேல்பரப்பில் நன்னீர் அநேகமாக இல்லாத மாலத்தீவில் ஆண்டுதோறும் இவை வந்திறங்குவதைக் கவனித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், இவை இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009இல் எழுதினார். இத்தனைக்கும் அவர் தொடங்கியது எந்தத் தேதியில் வந்தன என்ற எளிய குறிப்பிலிருந்துதான். தோழி எழுதி வைத்ததும் அதே வகைக் குறிப்புதான்.

குறிப்பின் மதிப்பு அதன் நீளத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் வசந்தத்தின் அறிகுறிகளைத் தேதியிட்டுக் குறிக்கத் தொடங்கினார்: முதல் பூ, முதல் இலை, முதல் தவளைக் குரல். அவருக்குப் பின் அவருடைய குடும்பம் 1958 வரை அதைத் தொடர்ந்தது. காலநிலை மாறுவதை ஆராய்கிறவர்கள் இன்று அந்த ஏடுகளுக்குத் திரும்பிப் போகிறார்கள். ஒரு குடும்பம் செய்ததைவிட ஒரு பள்ளி எளிதாகச் செய்யலாம். ஒரு வகுப்பு போனால் அடுத்த வகுப்பு வந்துவிடுகிறது. எங்கள் பள்ளியில் பச்சை அட்டை போட்ட பெரிய ரெஜிஸ்டர்கள் இருந்தன. ஆண்டு முடிவில் மேல் வகுப்பினர் கீழ் வகுப்பினரை உட்கார வைத்து, எதை எங்கே எப்படிப் பார்த்தோம் என்று சொல்லிக் கொடுத்து ஒப்படைப்பார்கள். முறை மாறினால் எண்களை ஒப்பிட முடியாது என்பதில் சார் கண்டிப்பானவர். அவர் ஓய்வு பெற்ற பிறகு நடுவில் சில ஆண்டுகள் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. ஓர் ஆசிரியரின் ஆர்வத்தை மட்டும் நம்பி நிற்கும் எதற்கும் இதுதான் நேரும். கால அட்டவணையில் அதற்கென்று மணி ஒதுக்கி, பொறுப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எழுத்தில் மாற வேண்டும்.

இப்போதிருக்கும் மாணவர்கள் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். பழைய ரெஜிஸ்டர்களைக் கணினியில் ஏற்றும் வேலையும் நடக்கிறது. பழைய கையெழுத்துகளையும் நாங்கள் வைத்திருந்த சுருக்கக் குறிகளையும் படித்துச் சொல்ல எங்களில் சிலர் உதவுகிறோம். அத்தி மரப் பக்கங்களும் தட்டான் பக்கங்களும் முடிந்துவிட்டன. ஓடைப் பக்கங்களில்தான் நேரம் எடுக்கிறது, நீர் பட்டு மை கலைந்திருக்கிறது. கடந்த பருவத்தில் விடுதிகளுக்குக் கீழே கேடிஸ்ஃப்ளைக் கூடு ஒன்று கிடைத்ததாக எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். படம் அனுப்பவில்லை. கேட்டிருக்கிறேன்.